ஏ-ஜீரோ போஸ்டரும் பாளையங்கோட்டை ஃபிளெக்ஸ் கடையும்: 6 வருட அனுபவம்

தாமிரபரணி மீன்களைப் பற்றிய ஆய்வுக்காகக் கருத்தரங்குகளுக்குப் போஸ்டர் கொண்டுபோகத் தொடங்கி 6 வருடம் ஆகிறது. முதல் இரண்டை பவர்பாயிண்டில் செய்தேன். அப்புறம் எல்லாமே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான். காசு கிடையாது, என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. அச்சடிப்பது பாளையங்கோட்டையில், கல்யாண பேனரும் கோயில் கொடை பேனரும் அடிக்கிற ஒரு சின்னக் கடையில்.

பவர்பாயிண்டை விட்டதற்குக் காரணம் உண்டு. வழக்கமான ஸ்லைடு அளவில் படங்களை ஒட்டிவிட்டு, கடைசியில் பெரிதாக்கினேன். திரையில் பளிச்சென்று இருந்த கெண்டையின் செதில் அச்சில் கட்டம் கட்டமாக வந்தது. முதலிலேயே பக்க அளவை ஏ-ஜீரோ தாளின் அளவான 841க்கு 1189 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பவர்பாயிண்டும் மோசமில்லை. ஆனால் ஆற்றின் வரைபடம், கிராஃப் எல்லாம் இங்க்ஸ்கேப்பில் வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோட்டு வடிவமாக இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. ஃபோட்டோவுக்கு மட்டும் அச்சாகும் அளவில் 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

தமிழ்த் தலைப்புதான் பெரிய பாடம். கடையில் இருப்பது கோரல்டிரா என்ற வேறு மென்பொருள். நான் இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பைக் கொடுத்திருந்தேன். "அக்கா, கொம்பு தனியா நிக்கி, பாத்துக்கிடுங்க" என்றார் கடைத் தம்பி. எட்டிப் பார்த்தால், 'பொருநை'யில் பகரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் கிடக்கிறது. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும். அன்றிலிருந்து எழுத்தையெல்லாம் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வடிவமாக்கி, பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்கிறேன். அதன்பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பவே கூடாது, சுருக்கிவிடும். பென்டிரைவ்தான் நிம்மதி.

ஃபிளெக்ஸில் மேட் கேளுங்கள். பளபளப்பானது டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசும். மடிக்கவும் கூடாது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டுபோகும்போது பிவிசி குழாயில் சுற்றித்தான் எடுத்துப்போவேன்.

நிறம் இன்னும் சவால்தான். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, மெஷின் நான்கு மையால் காட்டுகிறது. திரையில் மின்னும் பச்சை அச்சில் பாசி படிந்ததுபோல் வரும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி கடைக் கணக்கிலேயே இருந்தது. ஏ-ஜீரோவுக்கு அவர்கள் 3 அடிக்கு 4 அடி என்று 12 சதுர அடி போடுவார்கள். அகலத்தில் 7 சென்டிமீட்டர் மிஞ்சும். காசு கொடுத்த இடம்தானே! அந்த ஓரத்தில் பச்சை, நீலம், மண் நிறம் என்று சின்னச் சின்னக் கட்டங்களை அவற்றின் நிற எண்ணோடு போட்டு அடித்து வாங்கி, வெட்டி எடுத்துவிடுவேன். இப்போது ஆய்வகச் சுவரில் 9 துண்டுகள் தொங்குகின்றன. அடுத்த போஸ்டருக்கான நிறத்தை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.