சிரோசிஸுக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டும் முன் படியுங்கள்

சிரோசிஸ் என்பது கல்லீரல் தழும்பேறிப் போகும் நோய். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பணமோ கொடையாளரோ கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்களைத்தான் ஸ்டெம் செல் (வேறு செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி போடும் கிளினிக்குகள் வளைக்கின்றன. "உங்க இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து விடுவோம், கல்லீரல் புதுசா வளர்ந்துடும்" என்பார்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு தரும் பில்லில் 'செல் தெரபி பேக்கேஜ்' என்று ஒரே வரி இருக்கும். என்ன செல், எத்தனை செல், எந்த லேபில் பிரித்தது என்று எதுவும் இருக்காது.

ஏமாற்றின் மையம், ஊசி போட்டு இரண்டு வாரத்தில் காட்டும் ரத்த ரிப்போர்ட். ஆல்புமின் (கல்லீரல் செய்யும் ரத்தப் புரதம்) 2.4 இருந்தது 3.1 ஆகிவிட்டது என்று காட்டினால் குடும்பம் நம்பத்தானே செய்யும்? கூடவே என்னென்ன ஏற்றினார்கள் என்று பாருங்கள். 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டில் ஒன்றில் 20 கிராம் இருக்கிறது. அப்படி நாலைந்து பாட்டில் ஏற்றினால் ரிப்போர்ட்டில் எண் ஏறத்தான் செய்யும். ஏற்றியது பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பிளாஸ்மா ஏற்றினால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் கொஞ்ச நேரத்துக்கு இறங்கும். நீர் மாத்திரையில் வயிற்றில் கோத்த நீர் வற்றும். குடியை நிறுத்தியவருக்கும், ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கியவருக்கும் சில மாதங்களில் கல்லீரல் தானாகவே தேறலாம். அந்தப் பெயரையும் ஊசியே தட்டிக்கொண்டு போகிறது. அதனால் பிலிருபினையும் (மஞ்சள் காமாலை அளவு) கிரியேட்டினினையும் (சிறுநீரக அளவு) சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின், பிளாஸ்மா எதுவும் ஏற்றாமல் இரண்டு மாதம் கழித்து, வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்புங்கள்.

நல்ல கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் அது வளரும். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் கல்லீரல் செல்களே. நுண்பித்தக் குழாய்களின் முனையில் இருக்கும் முன்னோடி செல்கள் (கல்லீரல் செல்லாக மாறக்கூடிய இளம் செல்கள்), நாள்பட்ட சேதத்தில்தான் பெருமளவில் விழிக்கின்றன. அவை பெருகும் இடத்தில் தழும்பும் கூடவே வளர்வதைத் திசுப் பரிசோதனையில் காணலாம். மஜ்ஜை செல்கள் வேறு இனம். நரம்பில் ஏற்றும் மீசன்கைமல் செல்களில் (மஜ்ஜையிலிருந்தும் எடுக்கும் ஒரு வகை ஸ்டெம் செல்) பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் சொந்த சிடி133 செல்களை (ஒரு வகை ஸ்டெம் செல்) கொடுத்தும், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்டு ஸ்கோர் மேம்படவில்லை. தீவிர பாதிப்புகள் செல் பெற்றவர்களிடமே அதிகம். ஈரானில் கல்லீரல் தமனி வழியே செல் செலுத்திய ஒரு சிறு ஆய்வில், ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததால் ஆய்வே நிறுத்தப்பட்டது.

புற்றுநோய்ப் பக்கம் இன்னும் கவலைக்குரியது. கல்லீரல் புற்றுநோய்களில் ஒரு பகுதி, முன்னோடி செல்களின் அடையாளமான சிகே19 புரதத்தைக் காட்டும். அவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இந்த நிலையில், கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் செல் பெருக்கத்தைத் தூண்டுவது பெருந்தவறு. அதைவிட அடிக்கடி நடப்பது, 'செல் வேலை செய்யட்டும்' என்று காத்திருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அல்ட்ராசவுண்டை விட்டுவிடுவது. ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால் மாற்று அறுவையில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. அந்த அளவைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

இந்தியாவில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர ஸ்டெம் செல் எல்லாமே ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண்ணைக் கேளுங்கள். எண் தந்தால் அந்தத் தளத்தில் போட்டு நோயின் பெயர், ஆய்வு நடக்கும் மருத்துவமனை, இப்போதைய நிலை மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூட்டுவலி ஆய்வின் எண் உங்கள் கல்லீரலுக்குச் செல்லாது.

ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், காய்ச்சல், கறுப்பு மலம், சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துச் சென்று, என்ன ஏற்றினார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோயின் அறிகுறி தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள், மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கு மாற்று அறுவை மருத்துவமனை வழியாக டிரான்ஸ்டானில் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பதிவு செய்யவும் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மாற்று அறுவை செய்கிறார்கள்.