தனி நடைக்குக் கையடக்க சிபி ரேடியோ: காது உண்டு, வாய் இல்லை

தனியாக மலைக்குப் போகும்போது செல்போன் சிக்னல் போய்விட்டால் கையில் ஏதாவது இருக்கட்டுமே என்று வாங்கியதுதான் இந்தக் கையடக்க சிபி ரேடியோ. சிபி என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட், லாரிக்காரர்களும் பொதுமக்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் இங்கே புலம்பப்போவதில் பாதி அவர்கள் தவறே இல்லை, 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் குணம் அப்படி.

அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். கால் பங்கு நீளத்துக்கு ஆன்டெனா வைத்தாலே 2.7 மீட்டர் ஆகிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் யார் நடப்பது? அதனால் கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஒரு சாண் ரப்பர் குச்சிக்குள் அடைத்துத் தருகிறார்கள். 4 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் அதில் பெரும்பகுதி காற்றில் ஏறாமலே வீணாகிறது. நண்பனை இன்னொரு செட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நடந்து பார்த்தேன். மரங்களுக்குள் 2 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் குரல் கரகரத்தது, ஒரு மேட்டைச் சுற்றி இறங்கியதும் சுத்தமாக அடங்கிவிட்டது.

சரி, முகட்டில் ஏறினால்? அங்கேதான் ஏமாந்தேன். தூரத்து நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்கிறது, ஆஹா எட்டுகிறதே என்று நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பேசவில்லை. இந்த அலைவரிசையில் இயற்கை இரைச்சலே அதிகம், குட்டி ஆன்டெனா சிக்னலைக் குறைக்கும்போது அந்த இரைச்சலையும் சேர்த்தே குறைப்பதால் கேட்பதில் பெரிய நஷ்டம் தெரியாது, அனுப்பும்போதுதான் முழு நஷ்டமும் நம் தலையில் விழும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் இன்னொரு கூத்து: ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களின் குரல் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து, பக்கத்தில் இருப்பவரை அமுக்கிவிடும்.

ஒரு வைத்தியம் உண்டு. ஆன்டெனா திருகும் இடத்தில் வெளிப்புற உலோக வளையத்தோடு 2.7 மீட்டர் ஒயரை இணைத்துத் தொங்கவிட்டால் செட்டுக்கு எர்த் (ஆன்டெனாவின் மறுபாதி) கிடைத்த மாதிரி ஆகிறது. நான் செய்து பார்த்தேன், நண்பன் அடுத்த திருப்பம் வரைக்கும் கூடக் கேட்டான். நீட்டி மடக்கும் ஆன்டெனா மாட்டினால் இன்னும் நல்லது, ஆனால் அதை நின்ற இடத்தில்தான் விரிக்க முடியும்.

பேட்டரி பென்சில் சைஸில் 8 வேண்டும், கனம்தான். குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடுகிறது, ராத்திரி தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு 9-ஆம் சேனல் என்பார்கள். அமெரிக்காவில் அது அதற்கென்றே ஒதுக்கப்பட்டது, ஆனால் நீங்கள் காலை உடைத்துக்கொண்டு கிடக்கும் பள்ளத்துக்கு எட்டும் தூரத்தில், அந்த நேரத்தில், யாராவது அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே. தனியாகப் போகிறவருக்கு மறுமுனையில் ஆள் கிடையாது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கே சொல்லும் அவசர பீக்கனை (ஆபத்தில் அழுத்தினால் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி) வாங்குங்கள். பேச முடியாது, ஆனால் அது கேட்பாரற்றுப் போகாது.

நான் இதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. சாலையை ஒட்டிப் போகும் பாதைகளுக்கு எடுத்துப் போகிறேன், பாதை அடைப்பு, விபத்து என்று லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்க. அப்புறம், கம்பெனியைத் திட்ட வேண்டிய மீதிப் பாதி: இடுப்பில் மாட்டும் கிளிப் இரண்டாம் நாளே முறிந்துவிட்டது. இப்போது ஷூ லேஸில் கட்டித்தான் தொங்குகிறது.