லினக்ஸ் மடிக்கணினியோடு வெளியிடங்களில் ஒலிப்பதிவு: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் நிலைத்து உழைக்கிறது?

ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். வெளியிடங்களில் காலை வாருவது மின்சாரம்தான்.

யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். அதாவது இரண்டரை வாட். மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் ஒரு கண்டென்சர் மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் இழுக்கலாம். இரண்டு மைக் என்றால் ஏறக்குறைய ஒரு வாட் போயிற்று. 5 வோல்ட்டை 48 ஆக ஏற்றுவதில் ஆகும் இழப்பு தனி. ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்குவது), கன்வர்ட்டர் (அதை எண்களாக்குவது), ஹெட்போன் எல்லாம் மிச்சத்தில்தான் ஓடியாக வேண்டும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் செருகி ஃபேன்டம் பட்டனை அழுத்தினால் சாதனம் அறுந்து மறுபடி இணைவது இதனால்தான். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வரி விழுந்தால் டிரைவரைத் திட்டுவதற்கு முன் ஹப்பைக் கழற்றிவிட்டு, குட்டைக் கேபிளில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அடுத்து, கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு), ஃபேன்டம், டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலியைக் கணினியைச் சுற்றாமல் நேரே ஹெட்போனில் கேட்பது) மூன்றுக்கும் சாதனத்திலேயே திருகோ பட்டனோ இருக்க வேண்டும். கிளாஸ் கம்ப்ளையன்ட் (தனி டிரைவர் இல்லாமல் பொது யுஎஸ்பி ஆடியோ முறையில் இயங்குவது) என்பது ஒலி போய்வரும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். கம்பெனியின் கட்டுப்பாட்டு மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் இதில் விதிவிலக்கு. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கான மிக்சர் டிரைவர் கர்னலிலேயே உண்டு, கர்னல் 6.7 முதல் தானாகவே இயங்கும். புதிய மூன்றாம் தலைமுறைச் சாதனம் பென்டிரைவாகவும் தலைகாட்டினால், 48வி பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகுங்கள். அந்த நிலை நீங்கிவிடும்.

பையில் கிடந்து அடிபடும் சாதனத்துக்குச் சதுரமான டைப் பி போர்ட் நல்லது. மைக்ரோ யுஎஸ்பி சீக்கிரம் தளரும், கேபிள் அசைந்தாலே பதிவு நின்றுபோகும்.

பதிவு மட்டும்தான் வேலை என்றால் பஃபரை (ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் இடம்) 1024 சாம்பிளில் விட்டுவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லிநொடி. டைரக்ட் மானிட்டரில் கேட்பவர் காதுக்கு அந்தத் தாமதம் எட்டாது. 64க்கு இறக்கினால் எக்ஸ்ரன் (ஒலி நடுவில் அறுபடுவது) கூடும், பேட்டரியும் கரையும். அந்தப் பேட்டரியை மிச்சப்படுத்தப் பவர்டாப் நிரலின் ஆட்டோட்யூனை ஓட்டினால் வேறு தலைவலி: அது யுஎஸ்பி சாதனங்களுக்கெல்லாம் ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருந்தால் தூங்கவைப்பது) போட்டுவிடுகிறது. சில இன்டர்ஃபேஸ்கள் தூக்கத்திலிருந்து எழும்போது டப்பென்று சத்தம் போடும், சில எழுவதே இல்லை. டிஎல்பி என்ற இன்னொரு மின்சேமிப்பு நிரல் ஆடியோ சாதனங்களைத் தானாகவே விலக்கிவைக்கும். என் வாக்கு அதற்கே.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் அல்சா (லினக்ஸின் ஒலி அமைப்பு) தரும் கார்டு எண்ணை நம்ப வேண்டாம். வெப்கேம் முந்திக்கொண்டால் எண் மாறிவிடும், கார்டின் பெயரையே கொடுங்கள். கோப்பளவையும் கவனியுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியில் முட்டி நிற்கும் என்பதால், நீண்ட கச்சேரிகளுக்கு முதலிலேயே அந்த வரம்பு இல்லாத ஆர்எஃப்64 வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.