பழைய கப்பலில் ஐந்து பயணங்கள்

முதல் பயணத்தில் கேபின் கதவைத் திறந்ததும் என் மனைவி கேட்டது: "இதற்கா இத்தனை நாள் பணம் சேர்த்தோம்?" இரண்டு கட்டில், ஒரு மேசை, வட்டமாக ஒரு ஜன்னல், அவ்வளவுதான். குளியலறையில் ஷவரைத் திறந்தால் ஈரத் திரைச்சீலை முதுகோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் நான்கு முறை அதே ரகக் கப்பல்களில்தான் போயிருக்கிறோம். திரைச்சீலை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் சொல்வது 1990களில் கட்டப்பட்டு, எழுநூறு பேர் வரை ஏறக்கூடிய சுற்றுலாக் கப்பல்களை. 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. அதில் பாதி கொள்ளளவுள்ள ஒன்றில் இடையில் ஒருமுறை போய்ப் பார்த்தோம். காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து இரவு உணவுக்கும் நாடகத்துக்கும் இடம் பிடிக்க வேண்டும். விடுமுறையிலும் அலுவலகம் போய்வந்த களைப்பு. கடல் எங்கோ கீழே இருந்தது. அதை யாரும் தேடியதாகவும் தெரியவில்லை.

சின்னக் கப்பலில் செய்வதற்கு எதுவுமில்லை. குறையாகச் சொல்லவில்லை, அதற்காகத்தான் போகிறோம். சாப்பாட்டு அறையில் கதவு திறந்திருக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தால் போதும். மூன்றாம் நாளே பணியாளர் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

சின்னக் கப்பலில் காப்பியும் மதுவும் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும், 'எல்லாம் அடங்கிய கட்டணம்' என்பார்கள்; அதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு மதுப் பழக்கம் குறைவு. கணக்குப் போட்டால் நஷ்டம்தான். ஆனால் பெரிய கப்பலில் ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு ரசீது வந்து கையெழுத்துக் கேட்டது. பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்றுகூட யோசிக்க வைத்தது. இங்கே அந்த யோசனையே எழுவதில்லை. யாரும் யாருக்கும் கடன்படாததால் பேச்சு தானாக நீள்கிறது. அதே சமயம் 'எல்லாம்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். கரைச் சுற்றுலா, சலவை, மருத்துவர், பல இடங்களில் இணையம் ஆகியவை தனிக் கணக்கு. டிப்ஸ் சேர்ந்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சின்னக் கப்பலின் அருமை எனக்குப் புரிந்தது கீல் கால்வாயில். பால்டிக் கடலையும் வட கடலையும் இணைக்க 1895இல் ஜெர்மனியில் திறக்கப்பட்ட கால்வாய் இது; நீளம் 98 கிலோமீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் 40 மீட்டரைத் தாண்டும் கப்பலுக்கு அனுமதியில்லை என்பதால் பெரியவை வர முடியாது. வேகக் கட்டுப்பாடும் உண்டு. கரையோரப் பாதையில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களை நிதானமாக முந்திப் போனார். போகிற போக்கில் கையும் அசைத்தார். இருபுறமும் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரெண்ட்ஸ்பர்க் ஊரருகே கரையிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. கடந்து போகும் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு வருகிறதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தை இசைப்பது அங்கே வழக்கமாம். எங்கள் கப்பல் பஹாமாஸில் பதிவானது. பயணிகளில் ஒருவருக்கும் அந்தப் பாட்டு தெரியாது. ஆனாலும் மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

இனிக் குறைகள். கப்பல் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் இருந்தாலும், பெருங்கடலில் இந்த அளவுக் கப்பல் ஆடியே தீரும். நீர்மட்டத்துக்கு அருகே, கப்பலின் நடுவில் கேபின் கேளுங்கள். பின்புறக் கேபினில் எஞ்சின் அதிர்வால் மேசைமேல் வைத்த கண்ணாடித் தம்ளர் இரவு முழுக்கக் கிணுகிணுத்தது. மூன்றாவது பயணத்தில் இரண்டு நாள் ஏசி வேலை செய்யவில்லை. மன்னிப்புக் கடிதமும் ஒரு சாக்லேட்டும் வந்தன. துரு இன்னொரு தொல்லை. கைப்பிடிக் கம்பியில் வெள்ளைப் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தடித்து, அதற்கடியில் துரு கொப்புளம்போல் புடைத்திருக்கும். காலை ஏழு மணிக்கே ஒரு மாலுமி சுத்தியலால் அதைத் தட்டி உதிர்ப்பார். அது சரியாக என் தலைக்கு மேலேதான் நடக்கும்.

பழசு என்றதும் பயப்பட வேண்டாம். பயணிகள் கப்பலின் கட்டுமானத்தில் எரியக்கூடிய பொருள்கள் இருக்கக் கூடாது என்ற சர்வதேச விதி 2010 அக்டோபரில் முழுமையாக அமலானது. மரவேலைப்பாடு மிக்க கிழட்டுக் கப்பல்கள் பல அத்தோடு ஓய்வு பெற்றன. (விதிவிலக்கான கிழங்களும் உண்டு: 1948இல் கட்டப்பட்டு, 1956இல் இத்தாலியக் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவோடு மோதிய 'ஸ்டாக்ஹோம்', பலமுறை பெயர் மாறி 2020 வரை பயணிகளை ஏற்றியது.)

சிறு குழந்தைகளோடு போவதாக இருந்தால் இது வேண்டாம். இரண்டாம் நாளே அலுத்துவிடுவார்கள். மற்றபடி, ஆறாவது பயணத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஷவர் திரையை இழுத்துக் கட்ட நான்கு துணிக் கிளிப்புகளை மனைவி இப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள்.