பொங்கல் விடுமுறை: பதிவுகளுக்கு நேரம் குறித்து வைப்பதா, இடைவெளி விடுவதா?

போகி முதல் காணும் பொங்கல் வரை 4 நாள். வலைப்பூவையும் முகநூல் பக்கத்தையும் என்ன செய்வது? பதிவுகளை முன்பே எழுதி, குறித்த நேரத்தில் தானாக வெளியாகும்படி வைக்கலாம்; இல்லையென்றால் அந்த நாட்களில் பதிவே போடாமல் இடைவெளி விடலாம்.

உழைப்பு: நேரம் குறித்து வைக்க, ஊருக்குக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும். இடைவெளிக்கு ஓர் அறிவிப்பு போதும்.

நம்பகம்: வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால், காலை 6 மணிக்குக் குறித்த பதிவு நமக்கு 11.30-க்குத்தான் வரும். அப்புறம், வழக்கமான அமைப்பில் யாராவது தளத்துக்கு வந்தால்தான் அந்தப் பதிவு வெளியாகும். வாசகர் குறைந்த தளத்தில் இன்னும் தாமதமாகலாம். இடைவெளியில் இந்தத் தொல்லையே இல்லை.

பின்னூட்டம்: பதிவு தானாக வரும், பதில் தானாகப் போகாது. கேட்டவரைக் காக்கவைப்பது மரியாதையில்லை.

இனிப்பு, துணி விற்பவர்களுக்கு முதல் வழிதான் சரி. ஆர்டருக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கட்டும். கதை, கட்டுரை எழுதுபவர்கள் தாராளமாக இடைவெளி விடலாம்.