பைதானுக்கு எது சரிப்பட்டது: பஸாரா, மெர்க்கூரியலா, கிட்டா?

நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் கருவியை விட்டு வெளியே வர பைதான் நிரல்மொழியின் குழு யோசித்தபோது கையில் இருந்த தேர்வுகள் அதே வகைக் கருவிகள் மூன்று: பஸார், மெர்க்கூரியல், கிட். வெளியே வரக் காரணமும் நியாயமானதுதான். கமிட் உரிமை, அதாவது மாற்றத்தை மூலநிரலில் நேரடியாகப் பதியும் உரிமை, இல்லாதவர் சப்வெர்ஷனில் தன் வேலையைப் படிப்படியாகச் சேமிக்கவே வழியில்லை, எல்லாவற்றையும் ஒரே பேட்சாக (மாற்றங்கள் அடங்கிய கோப்பாக) திரட்டிப் பிழைப் பதிவில் ஏற்றிவிட்டு யாராவது எடுத்துப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பஸார் வேகம் போதாமல் முதலிலேயே கழிந்தது. 2009 மார்ச்சில் மெர்க்கூரியல் தேர்வானது. கிட்டுக்கு அப்போது விண்டோஸ் ஆதரவு சுமார், குழுவில் பலருக்கு அது பிடிக்கவும் இல்லை. மெர்க்கூரியல் கட்டளைகளோ சப்வெர்ஷன் பழகியவருக்குச் சட்டென்று பிடிபடும், பெரும்பகுதி பைதானிலேயே எழுதப்பட்டது வேறு. அன்றைய நிலையில் சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மாறி முடிக்க 2011 மார்ச் ஆகிவிட்டது. விண்டோஸில் வரி முடிவுக் குறிகளைச் சப்வெர்ஷன் பார்த்துக்கொண்டதுபோல மெர்க்கூரியல் பார்த்துக்கொள்ளவில்லை, அதற்கென்றே ஒரு நீட்சி தேவைப்பட்டது.

மெர்க்கூரியலுக்கும் பின்னால் வந்த கிட்டுக்கும் உண்மையான வித்தியாசம் பழைய பதிப்புகளில் திருத்தம் போடும்போதுதான் தெரியும். மெர்க்கூரியல் காலத்தில் பழைய 3.2 பதிப்புக்கான கிளையில் முதலில் கமிட் செய்து, அப்புறம் அதைப் புதிய பதிப்பு உருவாகும் டிஃபால்ட் கிளைக்கு மெர்ஜ் செய்வார்கள், அதாவது இணைப்பார்கள். அந்தத் திருத்தம் புதிய பதிப்புக்குத் தேவையே இல்லை என்றாலும் மெர்ஜ் செய்துவிட்டு, வந்ததை முழுக்கத் திருப்பிவிட்டு, வெறும் மெர்ஜாகக் கமிட் செய்ய வேண்டும். ஒருவர் மறந்தால் அடுத்து வருபவர் தலையில் விழும். 2017இல் கிட்டுக்கு வந்தபின் இது தலைகீழானது: முதலில் மாஸ்டர் என்ற முதன்மைக் கிளை (2021இலிருந்து அதன் பெயர் மெயின்), அங்கிருந்து அந்த ஒரு திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்து, அதாவது நகலெடுத்து, பழைய கிளைகளுக்கு. புதிதாக வருபவருக்கு இதுதான் எளிது, ஏனென்றால் அவர் முதன்மைக் கிளையை மட்டும் பார்த்தால் போதும்.

செர்ரி-பிக்கிலும் ஒரு தொல்லை உண்டு. மாற்றக் குறிப்புகள் எல்லாம் நியூஸ் என்ற ஒரே கோப்பில் குவிந்ததால், யார் எதைத் தொட்டாலும் அங்கே முட்டிக்கொள்ளும். குறிப்புக்கு ஒரு தனிக் கோப்பு, வெளியீட்டின்போது ஒன்றுசேர்ப்பு என்று பிளர்ப் கருவி வந்த பிறகுதான் நிம்மதி.

சரி, மெர்க்கூரியலை ஏன் விட்டார்கள்? கருவி மோசமானதால் இல்லை. 2016 ஜனவரியில் தேர்வு கிட்ஹப்புக்கும் கிட்லேபுக்கும் இடையில் நடந்தது; இரண்டும் கிட் திட்டங்களை இணையத்தில் வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் தளங்கள், அதனால் எதை எடுத்தாலும் கிட்டுக்கு மாற வேண்டியதுதான். கிட்லேபின் அடிப்படைப் பதிப்பு திறமூலம், கொள்கைப்படி என் மனசு அந்தப் பக்கம்தான். ஆனால் பங்களிப்பவர்களுக்கு ஏற்கெனவே பழகிய இடம் கிட்ஹப், கிட்லேபிடம் அதைத் தாண்டும் தனி வசதி எதுவும் தென்படவில்லை. 2017 பிப்ரவரி 10 அன்று மூலநிரல் அங்கே போனது. பிழைப் பதிவுகள் மட்டும் 2022 ஏப்ரல்வரை பழைய இடத்திலேயே இருந்தன, அவற்றை அவசரப்பட்டுச் சேர்த்து நகர்த்தாமல் விட்டது நல்ல முடிவு.

உங்கள் திட்டத்தையும் மாற்றப்போகிறீர்கள் என்றால், இரண்டு பழைய பதிப்புகளுக்குப் போக வேண்டிய ஒரு திருத்தத்தை எடுத்து, புது ஏற்பாட்டில் முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள்.