யோசுவாவின் கானான், நியாயாதிபதிகளின் கானான்

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானான் தேசத்தைப் பிடித்ததைச் சொல்லும் பைபிள் நூல் யோசுவா. அதன் 12-ஆம் அதிகாரம் வீழ்ந்த 31 ராஜாக்களை ஊர் ஊராக எண்ணுகிறது. 21-ஆம் அதிகாரமோ, கர்த்தர் வாக்களித்த தேசம் முழுவதும் கைக்கு வந்தது, ஒரு வார்த்தையும் தவறவில்லை என்கிறது.

அடுத்த நூலான நியாயாதிபதிகளின் முதல் அதிகாரத்தில் காட்சியே வேறு. இஸ்ரவேலின் யூதா கோத்திரம் மலைநாட்டைப் பிடிக்கிறது. பள்ளத்தாக்கின் இரும்பு ரதங்களுக்கு முன் நின்றுவிடுகிறது. எருசலேமிலிருந்து அதன் பழைய குடிகளான எபூசியர் அசையவில்லை. மெகிதோவை மனாசே கோத்திரமும் கேசேரை எப்பிராயீம் கோத்திரமும் காலிசெய்யவில்லை. இந்த மூன்று ஊர்களின் ராஜாக்களும் அந்த 31 பேரில் அடக்கம்! ராஜாவை வீழ்த்துவது வேறு, ஊரில் குடியேறுவது வேறு.

முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிடிக்க வேண்டிய நிலம் இன்னும் மிகுதி என்று முதிர்ந்த யோசுவாவிடம் கர்த்தரே சொல்வதை 13-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. ஆனாலும் நியாயாதிபதிகளே மண்ணுக்கு நெருக்கம் என்பேன்: அகழ்ந்தெடுத்த மெகிதோவில் கானானிய வாழ்வு கி.மு. 12-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது.